பெரியவர் பெயரில் இருந்த மெயில் பெட்டி

எனக்கு முன்கோபம் உண்டு. "அப்டேட் பண்ணாத வரைக்கும் எல்லாம் நல்லாத்தானம்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்குக் காது சூடாகிவிடும். "உங்க வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாட்டியும் திருடன் வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்தத் திங்கட்கிழமை அதே வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் நின்றேன்.

செஞ்சி கடைத்தெருவில் ஆறேழு கடைகள், இரண்டு பள்ளிக்கூடங்கள், திண்டிவனம் ரோட்டில் ஒரு அரிசி ஆலை. இவர்களுடைய கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நான்தான் வைத்தியம் பார்க்கிறேன். சென்னையில் ஆறு வருஷம் இந்த வேலையைச் செய்துவிட்டு, நைனாவுக்கு இடுப்பு போய்விட்டது என்று ஊரோடு வந்துவிட்டேன். அந்த இடுப்பு போனதும் இதே ஆலையில் மூட்டை தூக்கித்தான். அவர் பின்பக்க கேட் வழியாகப் போய் வந்த இடத்துக்கு நான் லேப்டாப் பையோடு முன்பக்கமாகப் போகிறேன். முதல் மாதம் அது பெருமையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஆலைக்குச் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் இருக்கிறது. இந்தக் காலத்தில் இவ்வளவு சின்னக் கம்பெனி யாரும் அப்படி வைத்துக்கொள்வதில்லை. ஆலையைத் தொடங்கிய பெரியவர்தான் பிடிவாதமாக வாங்கி வைத்தார். "நம்ம லட்டரு நம்ம வூட்ல இருக்கணும்" என்பாராம். முன்பு வெற்றுச் சாக்கு அடுக்கியிருந்த அறைக்கு ஏசி போட்டு, அதில் சர்வரையும் அதற்குமேல் ஃபயர்வாலையும் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் வாசலிலேயே நிறுத்தி நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்கிற பெட்டிதான் ஃபயர்வால். கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் தவிடு உள்ளே வந்துவிடும். மாதம் ஒருமுறை பெட்டிகளைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவேன்.

சனிக்கிழமை அன்று இரண்டையும் சேர்த்து அப்டேட் செய்வதாக ஏற்பாடு. பெரியவரின் மகன்தான் இப்போது முதலாளி. "மூணு மணிக்கு மேல தொடும்மா, எமகண்டம் போகட்டும்" என்றார். அதற்கெல்லாம் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. மூன்றேகாலுக்கு உட்கார்ந்தேன். ஃபயர்வால் புதுசாகி, ஒருமுறை அணைந்து எழுந்து, பச்சை விளக்குகள் வரிசையாக வந்தன. மெயில் சர்வரும் மக்கர் பண்ணவில்லை. ஐந்தரைக்கு எல்லாம் முடிந்து, என்னிடம் இருக்கும் பட்டியலில் கடைசி வரிக்கு வந்தேன். நானே எழுதிய பட்டியல் அது. கடைசி வரி: ஆறு மாதத்துக்குமேல் யாரும் திறக்காத மெயில் பெட்டிகளை மூடு.

காரணம் இல்லாமல் எழுதவில்லை. ஆள் இல்லாத பெட்டி வழியாகத்தான் திருடர்கள் உள்ளே வருகிறார்கள். சென்னையில் அப்படி ஒரு கம்பெனி அல்லாடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஐந்து பெட்டிகள் வந்தன. இரண்டு, வேலையை விட்டுப் போனவர்களுடையவை. ஒன்று, மூடிவிட்ட கிளையுடையது. ஒன்று, யாரோ எழுத்தை மாற்றிப் போட்டு உண்டாக்கியது. ஐந்தாவது பெரியவருடையது. போன வருஷம் தை மாதம் அவர் தவறிவிட்டார். கடைசியாகத் திறந்து பதினான்கு மாதத்துக்குமேல் ஆகிறது என்று காட்டியது.

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மெயில் முகவரி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் படித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போடும்போது பெரியவரின் மெயிலைத்தான் போடுவார்கள். கடிதத்துக்கு மேற்பார்வை விலாசம் போடுவதுபோல. வந்ததைப் பெரியவர் பிரிண்ட் போட்டு, மடித்து, அப்பனிடமோ அம்மாவிடமோ கொடுத்து அனுப்புவார். அப்படிப் போட்ட முதல் ஏழெட்டுப் பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது. அதோடு அது ராசியான மெயில் என்று பெயர் ஆகிவிட்டது. எனக்குச் சென்னை வேலை வந்ததும் அதில்தான். நைனா இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தத் தாளில் வேர்வை ஊறி ஒரு மூலை கிழிந்திருந்தது.

அதெல்லாம் பெரியவரோடு போய்விட்டது என்று நினைத்தேன். இப்போது யாரிடம் போன் இல்லை? ஒவ்வொருவனும் இரண்டு மெயில் வைத்திருக்கிறான். செத்தவர் பெட்டியைத் திறந்து போட்டு வைப்பது ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு கிளிக். நிதானமாக, யோசித்துத்தான் மூடினேன். அவசரத்தில் செய்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு உறுத்தாது.

திங்கட்கிழமை காலை, அப்டேட்டுக்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஆலைக்குப் போனேன். பதினோரு மணிக்கு, நெல் காயவைக்கும் களத்தில் கூட்டிப் பெருக்குகிற அத்தை சர்வர் அறை வாசலில் வந்து நின்றாள். எங்கள் தெருதான். முறைக்கு அத்தை. கையில் துடைப்பம் இருந்தது, காலெல்லாம் உமி.

"பாப்பா, எம் பொண்ணுக்கு லட்டரு வந்துச்சானு மொதலாளியைக் கேட்டேன். வர்லன்றாரு. கூடப் படிச்ச பொண்ணுக்கு சனிக்கெழமையே வந்துடுச்சாம். நீ இன்னாவோ மெஷினு மாத்துனியாமே, அதுல எங்கனா மாட்டிக்கினுச்சா பாரேன்."

அவள் மகள் நர்சிங் முடித்தவள். ஒன்றரை வருஷமாக வேலைக்கு அலைந்து, ஒன்றும் அமையாமல், கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளைக்கு முன்னால் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நேர்முகம் நன்றாகப் போனது என்று தெருவே பேசிக்கொண்டது. மெயில் வரும், வந்த பிறகு திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் என்று பதில் போட வேண்டும், போடாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அத்தைக்கு ஐந்து மணி என்பது மட்டும் நன்றாக மனப்பாடம் ஆகியிருந்தது.

"இருந்தா எடுத்துக் குடுத்துடுறேன் அத்தே, நீ டென்ஷன் ஆவாத" என்றேன். புது ஃபயர்வால் தெரியாத முகவரியிலிருந்து வருவதைச் சந்தேகப்பட்டுத் தனியாக நிறுத்தி வைக்கும். அங்கேதான் நிற்கும் என்று உறுதியாக நினைத்தேன். பார்த்தேன். கடன் தருகிறேன் என்று நாற்பது மெயில், பரிசு விழுந்தது என்று பத்து மெயில். ஆஸ்பத்திரி இல்லை. விதிகளைத் தளர்த்திவிட்டு மறுபடி தேடினேன். இல்லை. மொட்டை மாடியில் குரங்கு எதையாவது பிடுங்கிவிட்டதா என்று ஏறிக்கூடப் பார்த்தேன். போன மாதம் அப்படித்தான் நடந்தது. கேபிள் போட்டது போட்டபடி இருந்தது. வெயிலில் கோட்டை மலையைப் பார்க்கவே கண் கூசியது. இறங்கி வரும்போது முதலாளி வராந்தாவில் நின்று, "அப்டேட் பண்ணாத வரைக்கும் நல்லாத்தானம்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

அப்போதுதான், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எனக்குத் தோன்றியது. அத்தை மகளுக்கு போன் போட்டேன்.

"நீ எந்த மெயில் ஐடி குடுத்த?"

"பெரியவரு ஐடிதான்க்கா."

"உனக்குத்தான் சொந்தமா ஐடி இருக்குதே?"

"அதுல எழுதிப்போட்டு எல்லாம் ஊத்திக்கிச்சுக்கா. அதான் இந்தவாட்டி ராசியானதுல போடுன்னு அம்மா சொல்லிச்சு. உங்களுக்குக்கூட அதுலதான வந்துச்சாம்."

அத்தை பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா பாப்பா?" என்றாள். "ஒண்ணும் இல்ல அத்தே, பாத்துக்கினு இருக்கேன்" என்று திரும்பிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க பயமாக இருந்தது.

சர்வர் தன்னிடம் வந்ததையும் திருப்பி அனுப்பியதையும் ஒன்றுவிடாமல் எழுதி வைக்கும். அந்தப் பதிவைத் திறந்தேன். சனிக்கிழமை மாலை ஆறு நாற்பது. ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவர் பெயருக்கு ஒரு மெயில். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று என் சர்வர் பதில் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறது. நான் மூடி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லைதான். ஆனால் அதில் விழுவதையெல்லாம் மகன் பெட்டிக்குத் தானாகத் திருப்பிவிடும் வழி ஒன்று போடப்பட்டிருந்தது. பெரியவர் போன பிறகு பிரிண்ட் போட்டுக் கொடுக்கும் வேலையை அவர் மகன் செய்துகொண்டிருந்திருக்கிறார். யார் திறந்தார்கள் என்று பார்த்த நான், எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பயல் செய்திருந்தால் அவனை உரித்திருப்பேன்.

பெட்டியை உடனே திறந்துவிட்டேன். அதனால் என்ன? ஃபயர்வால் நிறுத்தி வைத்திருந்தால் மெயில் என் கையில் இருக்கும். வாசலிலேயே ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிய பிறகு அது திரும்பி வராது. அனுப்பியவர்கள்தான் மறுபடி அனுப்ப வேண்டும். மகளை ஜவுளிக்கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு மணிக்கு வந்தாள், கழுத்தில் கடையின் அடையாள அட்டையோடு. ஆஸ்பத்திரிக்கு அடித்தோம். சாப்பாட்டு நேரம். இரண்டு மணிவரை மணி அடித்து அடித்து நின்றது.

இரண்டே காலுக்கு ஒரு மேடம் எடுத்தார். "நாங்க அனுப்பிட்டோம்மா. ஸ்பாம்ல பாருங்க. சரி, மறுபடி அனுப்பறேன்" என்றார். இரண்டு நாற்பதுக்கு "அனுப்பிட்டேன்" என்றார். நான் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மூன்று மணி. மூன்றேகால். அங்கிருந்து என் வாசலுக்கே எதுவும் வரவில்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது. இப்படி மொத்தமாக மெயில் அனுப்புகிற இடங்களில், ஒருமுறை ஆள் இல்லை என்று திரும்பி வந்த முகவரிக்கு அவர்களுடைய மெஷின் பிறகு அனுப்பவே அனுப்பாது. மேடம் பொத்தானை அழுத்துகிறார். மெஷின் அதைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடுகிறது. அவருக்கு அது தெரியாது.

மகள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அத்தை களத்துக்கும் சர்வர் அறைக்கும் நடையாய் நடந்தாள். ஒவ்வொரு முறையும் "மணி இன்னா?" என்று கேட்டாள். எரிந்து விழ வேண்டும்போல இருந்தது. யார்மேல் எரிந்து விழுவது?

மூன்றே முக்காலுக்கு மறுபடி மேடத்தைப் பிடித்து, வேறு மெயிலுக்கு அனுப்பச் சொன்னோம். முடியாது என்றுவிட்டார். விண்ணப்பத்தில் எது இருக்கிறதோ அதிலிருந்துதான் சம்மதம் வர வேண்டும். "அது போலி அட்ரஸ்னு எங்க சிஸ்டத்துல விழுந்திருக்கு. அந்த மெயில்லேருந்தே நீங்களே சம்மதம்னு எழுதிப் போடுங்க. ஏன் திரும்பி வந்துச்சுன்னு அந்தக் கம்பெனி லெட்டர்ஹெட்ல விளக்கம் எழுதி, கையெழுத்து, சீல் போட்டு கூட வைங்க. அஞ்சு மணிக்குள்ள வந்துடணும்."

விளக்கம் எழுத எனக்கு இரண்டு வழி இருந்தது. ஃபயர்வால் அப்டேட்டில் தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதினால், அந்த ஊரில் ஒருவராலும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அப்படித்தான் முதலில் தட்டினேன். தட்டிவிட்டுப் படித்துப் பார்த்தேன். பிறகு அழித்துவிட்டு, சர்வரைப் பராமரிக்கும் நான் பயன்பாட்டில் இருந்த பெட்டியைத் தவறுதலாக மூடிவிட்டேன் என்று எழுதினேன். நல்லவள் என்பதால் இல்லை. கோளாறு என்று எழுதினால், எந்தக் கோளாறு, சரியாகிவிட்டதா என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு நேரம் இல்லை. நாலு பத்துக்குத் தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். இந்த ஆலை போய்விட்டால் என் வருமானத்தில் பாதி போகும் என்பதும் ஞாபகத்தில் இருந்தது.

அறையில் பெரியவரின் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. மகன் அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவார். தாளைப் படித்தார். மறுபடி படித்தார்.

"அப்பா பொட்டியயா?"

"ஆமா சார். யாரும் திறக்கலன்னு மூடிட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் போனை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "சனிக்கெழமையே எனக்குத் தெரியும்மா" என்றார்.

"என்ன சார்?"

"அப்பா படுத்த படுக்கையா இருந்தப்போ, தெனம் சாயங்காலம் ரெண்டு வரி போடணும் அவருக்கு. மழ பெஞ்சுதா, எந்த ஊரு நெல்லு வந்துச்சு, இப்படி. அது அப்படியே பழகிடுச்சு. இப்பவும் போடறேன். போட்ட ஒடனே எனக்கே திரும்பி வரும். டிங்குனு சத்தம் கேக்கும். சனிக்கெழம சத்தம் வர்ல. இங்கிலீஷ்ல இன்னாவோ வந்துச்சு, ஆள் இல்லன்னு. நேத்தும் அப்படியே. உங்கிட்ட கேக்கலாம்னு போன எடுத்தேன். செத்த மனுசனுக்கு மெயில் போடறேன்னு எப்படிச் சொல்றது? வெச்சிட்டேன்."

சனிக்கிழமை சாயங்காலமே அவர் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட்டார். சீலை மையில் இரண்டு முறை அழுத்தி, ஒருமுறை தாளில் வைத்தார்.

நாலு முப்பது. தாளை ஸ்கேன் செய்து, பெரியவர் பெட்டிக்குப் புது பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனேன். மகள் சம்மதம் என்று நாலு வரி தட்டினாள். கீழே தானாகவே பெரியவர் பெயரும் உரிமையாளர் என்பதும் வந்து ஒட்டிக்கொண்டன. "அத எடுத்துடணுமாக்கா?" என்றாள். எடுக்கச் சொன்னேன். அனுப்பு என்றேன். போகவில்லை. இணைப்பைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வட்டம் சுற்றியது. வெளியே போகிற தாளையும் ஒன்றுவிடாமல் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சனிக்கிழமை அந்த ஃபயர்வாலுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். நாலு நாற்பது. அந்தச் சோதனையை நிறுத்தப் போனால், விதி மாறிவிட்டது என்று முழுதாக அணைந்து எழும், அதற்கே ஏழு நிமிஷம். நிறுத்தவும் பயம், விடவும் பயம். அத்தை துடைப்பத்தை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து நின்றாள். நாலு ஐம்பத்தொன்றுக்குப் போனது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. ஐந்து அடித்தது. ஐந்து பத்து. ஆலையில் மோட்டார் நின்று, ஏசி சத்தம் மட்டும் கேட்டது. முதலாளியும் வந்து கதவோரம் நின்றார். திடீரென்று அவர் சட்டைப் பையில் டிங் என்றது. எல்லோரும் திரும்பினோம். அவர் எடுத்துப் பார்த்து, "இல்ல, இது நான் அப்பாவுக்குப் போட்டது" என்று வெட்கத்தோடு சொன்னார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஐந்து இருபத்திரண்டுக்கு மறுபடி டிங் என்றது. மேடம் தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தார். சம்மதம் வந்து சேர்ந்தது, ஒன்றாம் தேதி சேரலாம்.

மகள் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதாள். அத்தை அழவில்லை. முதலாளி பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கி, மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"யாருதான் மூடுனது அத?"

முதலாளி முந்திக்கொண்டார். "மெஷினு கோளாறு. வுடும்மா, அதான் வந்துடுச்சே."

அதோடு விட்டிருக்கலாம். அவர் எனக்காகத்தான் சொன்னார். "நான்தான் மூடுனேன் அத்தே" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கும் அதுலதான பாப்பா வந்துச்சு?"

"ஆமா அத்தே."

அவள் வாசலில் கிடந்த துடைப்பத்தை எடுத்துச் சுவரோரம் சாத்தினாள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எந்திரி, பஸ்ஸு போயிடும்" என்று மகளைக் கூப்பிட்டாள். இருவரும் களத்தைக் கடந்து பின்பக்க கேட் வழியாகப் போனார்கள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும்.